மினிவேன் வைத்திருக்கும் குடும்பத்துக்கு பாப்-அப் கேம்பரா, பெரிய டிராவல் டிரெய்லரா?

கேள்வி கேட்டவர் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் இருக்கிறார். கையில் இருப்பது ஹோண்டா ஒடிசி மினிவேன். கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து சில மாதம் தங்குவார்கள். யோசெமிட்டி தேசியப் பூங்கா, டாஹோ ஏரி பக்கம் அடிக்கடி போக ஆசை. பழைய பாப்-அப் (துணிச்சுவரோடு விரித்து மடிக்கும் சிறிய டிரெய்லர்) ஒன்று வாங்கலாமா, இல்லை 26 அடி டிராவல் டிரெய்லரே (கெட்டிச் சுவர் கொண்ட, வண்டியில் மாட்டி இழுக்கும் சின்ன வீடு) வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

நாங்கள் முதலில் பாப்-அப் வைத்திருந்தோம், இப்போது டிராவல் டிரெய்லர் வைத்திருக்கிறோம். இரண்டுமே எங்களுக்குப் பிடித்தவை. உங்கள் நிலைமைக்கு பாப்-அப்தான் சரி என்பது என் கருத்து. காரணம் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அந்த ஒடிசி.

ஒடிசி அதிகபட்சம் 3500 பவுண்டு இழுக்கும். 26 அடி டிரெய்லர் என்றால் சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றியபின் 7000 பவுண்டு வரை போகும். டீலரிடம் போனால் 'டிரை வெயிட்' என்று ஒரு எண்ணைக் காட்டுவார்கள். அது வெறும் டிரெய்லரின் எடை. தண்ணீர் ஒரு கேலனுக்கு எட்டு பவுண்டுக்கு மேல். 40 கேலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டு ஏறிவிடும். அதற்கு மேல் அரிசி, பாத்திரம், போர்வை, சைக்கிள். அதனால் எந்த டிரெய்லரைப் பார்த்தாலும் 'ஜிவிடபிள்யூஆர்' என்று ஒட்டியிருக்கும் உச்ச எடையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விடுவது: டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கி) வழியாக உங்கள் வண்டியின் மேலேயே உட்காரும். 7000 பவுண்டு டிரெய்லருக்கு அது 700 முதல் 1050 பவுண்டு. அதைக் குறைத்துவிடலாம் என்று சாமானையெல்லாம் பின்பக்கம் தள்ளினால், நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அது உயிருக்கே ஆபத்து. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பிக்கப் டிரக்கிலேயே அது 1500 என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு 600, ஹிட்ச் சாதனத்துக்கு 100 போனால், டிரெய்லர் மேலே அழுத்தும் எடைக்கு மீதி 800தான். டிரக் 10,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரம் சொன்னாலும், அந்த ஸ்டிக்கர் முன்னாலேயே கையை விரித்துவிடும்.

ஆக, பெரிய டிரெய்லர் வாங்குகிறீர்கள் என்றால் கூடவே ஒரு டிரக்கும் வாங்குகிறீர்கள். அந்த டிரக்கில்தான் தினமும் ஆபீஸ் போக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். அதற்கு வீட்டில் எல்லோரும் தயார் என்றால் பேச்சே வேறு. இல்லையென்றால் 2500 பவுண்டுக்குள் அடங்கும் பாப்-அப்பை ஒடிசியே இழுத்துக்கொண்டு போகும். அப்போதும் பிரேக் கண்ட்ரோலர் (டிரெய்லரின் பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் கருவி) பொருத்துவதைத் தள்ளிப்போடாதீர்கள். கலிஃபோர்னியாவில் 1500 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள கேம்ப் டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். டிரெய்லர் இழுத்துப் போகும்போது வேக வரம்பும் 55 மைல்தான். யோசெமிட்டிக்கு 120ஆம் சாலையில் பிரீஸ்ட் கிரேட் வழியாக ஏறி இறங்கினால் இரண்டும் எதற்கு என்று புரியும்.

பாப்-அப்பை விரிப்பது எப்படி என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். இடத்தைச் சமன் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் கேபிள் இழுத்து, நான்கு மூலையிலும் கூரை ஒன்றாக மேலே எழும்பும். பிறகு இரண்டு பக்கமும் படுக்கைகளை வெளியே இழுத்து, கீழே கம்பி முட்டுக்கொடுத்து, கேன்வாஸைச் சுற்றிலும் ஒட்ட வேண்டும். கூரையோடு தொங்கும் கதவைக் கடைசியில் இறக்கி மாட்ட வேண்டும். பழகிய கைக்கும் அரை மணி நேரம் பிடிக்கும். எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வேலை கிடைக்கும். 

இனி நம் வீட்டுக்கே உரிய விஷயம், சமையல். கேன்வாஸ் வாசனையை விடாது. உள்ளே ஒரு தடவை கடுகு, வெங்காயம், கருவேப்பிலை தாளித்தால் அடுத்த பயணம் வரை மணக்கும். நமக்குப் பரவாயில்லை, கரடிக்கும் அது மணக்கும். யோசெமிட்டியில் துணிச்சுவர் கொண்ட டிரெய்லரைக் கூடாரமாகத்தான் கணக்கில் எடுப்பார்கள்; சாப்பாடு, பற்பசை, சோப்பு எல்லாம் கேம்ப்சைட்டில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போயாக வேண்டும். கெட்டிச் சுவர் உள்ள டிராவல் டிரெய்லரில் கதவு ஜன்னலை மூடி உள்ளேயே வைக்கலாம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் கேம்ப்கிரவுண்டுக்குள் பாப்-அப்பையும் கூடாரத்தையும் அனுமதிப்பதே இல்லை. அங்கே கிரிஸ்லி கரடி நடமாட்டம் அதிகம். எனவே பாப்-அப் என்றால் இரட்டை பர்னர் ஸ்டவ்வை வெளியே மேசையில் வைத்துச் சமைப்பது என்று முதல் நாளே முடிவெடுத்துவிடுங்கள். இட்லி மாவை ஐஸ் பெட்டியில் கொண்டுபோய்க் காலையில் அங்கே தோசை வார்ப்போம். அந்தக் குளிரில் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் தோசைக்கு ஈடே இல்லை.

சிறியதில் இன்னொரு லாபம், இடம் கிடைப்பது. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில் டிரெய்லர் நீளம் 24 அடிக்கு மேல் போகக்கூடாது. நீங்கள் நினைக்கும் 26 அடி அங்கே நுழையவே முடியாது.

பாப்-அப்பின் பெரிய தொல்லை ஈரம். மழையில் நனைந்த கேன்வாஸை மடித்து மூடினால், ஓரிரு நாளில் வீட்டில் மறுபடி விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும். விட்டால் பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் அந்தக் கறையும் வாடையும் லேசில் போகாது. உங்கள் டிரைவ்வேயில் முழுதாக விரிக்க இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். மூடிய பாப்-அப் பெரும்பாலும் கராஜ் கதவுக்குள் நுழையும், ஆனால் இழுக்கும் கம்பியோடு சேர்த்து நீளத்தையும் அளக்க வேண்டும். பெரிய டிரெய்லரை வாசலில் நிறுத்த பல இடங்களில் ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) விடாது. மாதாமாதம் ஸ்டோரேஜ் வாடகைதான்.

அப்பா அம்மா விஷயத்தில் மட்டும் என் மனம் முழுக்கப் பெரிய டிரெய்லர் பக்கம். பாப்-அப் படுக்கை இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்கும். முட்டி வலிக்காரர் ஏற முடியாது. உள்பக்கம் படுத்தவர் இரவில் எழ வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். யோசெமிட்டியின் டுவாலமி மெடோஸ் மாதிரி 8600 அடி உயரத்தில், ஆகஸ்டிலும் நடுங்கவைக்கும் குளிரில், டார்ச் அடித்துக்கொண்டு பொதுக் கழிப்பறைக்கு நடக்கச் சொல்வது எழுபது வயதுக்காரருக்குச் செய்யும் கொடுமை. டிரெய்லரில் நாலு எட்டு வைத்தால் கழிப்பறை, கதகதப்பான அறை. என் மாமியார் மலை இடங்களுக்கு விருப்பத்தோடு வர ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். டம்ப் ஸ்டேஷனில் (கழிவு கொட்டும் இடம்) குழாய் மாட்டிக் கழிவுத் தொட்டியைக் காலி செய்வது நம் தலையில் விழும். பெரியவர்களுக்காகச் செய்வதில் எனக்கு எந்தச் சலிப்பும் இல்லை.

அதற்காக இப்போதே டிரக்கும் டிரெய்லரும் வாங்கத் தேவையில்லை. அவுட்டோர்சி, ஆர்விஷேர் போன்ற தளங்களில் டிரெய்லரை கேம்ப்சைட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தி, முடிந்ததும் எடுத்துப்போகும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பெரியவர்கள் வரும் கோடையில் அப்படி வாடகைக்கு எடுங்கள். மற்ற நாட்களுக்கு சொந்த பாப்-அப்.

பழையது பார்க்கப் போனால் காய்ந்த பகலில் போய், முழுதாக விரித்துக் காட்டச் சொல்லுங்கள். முதலில் உள்ளே தலையை நீட்டி மூச்சை இழுங்கள். மக்கிய வாடை வந்தால் விலை பேசவே வேண்டாம். தரையின் மூலைகளிலும் கதவடியிலும் காலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் அடியில் பலகை உளுத்திருக்கிறது. கைப்பிடியை நீங்களே சுற்றுங்கள். ஒரு மூலை பின்தங்கினால் கேபிளில் கோளாறு. டயரில் டாட் எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும், புது டயர் காசைக் கழித்துக்கொண்டு விலை சொல்லுங்கள்.