எஞ்சின் மாற்றிய ஆம்னி நின்ற இடத்தில் உறுமுகிறது

கேள்வி: என்னிடம் 2012-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி வேன் இருக்கிறது. காய்கறி ஏற்றி, நானே ஓட்டி விற்றுப் பிழைக்கிறேன். எஞ்சின் புகைவிடத் தொடங்கியதால், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சினை மெக்கானிக்கே வாங்கிவந்து மாட்டினார். ஓடும்போது இழுவை நன்றாக இருக்கிறது. சிக்னலில் நின்றால் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே உறுமுகிறது, அணைந்துவிடுவதுபோல் இறங்குகிறது, மறுபடி உறுமுகிறது. த்ராட்டில் பாடியை (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) மாற்றியும் சரியாகவில்லை. இப்போது "இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்கிறார். வாங்கலாமா? எஞ்சினைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இசியூவுக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பழைய எஞ்சினை ஒழுங்காக ஓட்டிய இசியூ, எஞ்சினை மாற்றியதும் கெட்டுப்போவது அபூர்வம். கழற்றி மாட்டிய இடங்களில்தான் முதலில் தேட வேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறியே பாதி விடை. மூன்று சிலிண்டரில் ஒன்று எரியாவிட்டால் எஞ்சின் விடாமல் குலுங்கும், இழுவையும் போய்விடும். டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் இழுவையில் தெரியும். உங்களுடையது ஏறி இறங்குகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போதே எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்பதே இதற்கு முதல் சந்தேகம். காற்று கூடினால் வேகம் ஏறுகிறது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது வேகம் அதிகமாக இருப்பதைப் பார்த்து இசியூ பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுந்ததும் மறுபடி பெட்ரோலைத் திறக்கிறது. உறுமல் இப்படித்தான் தொடர்கிறது. இசியூ தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கலாம்.

எஞ்சினை ஓடவிட்டு, வேக்கம் குழாய்களை (எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் இணையும் ரப்பர் குழாய்கள்) ஒவ்வொன்றாகக் குறடால் மெதுவாக நெரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதை நெரித்ததும் உறுமல் அடங்குகிறதோ அந்தத் தடத்தில்தான் கசிவு. டேப்பட் கவரிலிருந்து (எஞ்சினின் மேல்மூடி) மேனிஃபோல்டுக்கு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த்தொகுதி) போகும் ரப்பர் குழாயைக் கழற்றிக் கையில் வைத்து வளைத்துப் பாருங்கள். பல ஆண்டுச் சூட்டில் இறுகிய ரப்பர், கழற்றும்போது அடிப்பக்கம் வெடித்துவிடும்; மேலிருந்து பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். பிரேக் பூஸ்டர் குழாய், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் (இரு பாகங்களுக்கு இடையில் கசியாமல் அடைக்கும் தகடு), புதிதாக மாட்டிய த்ராட்டில் பாடியின் கேஸ்கெட் ஆகியவையும் இதே சந்தேகத்துக்கு உரியவை. கசிவைக் கண்டுபிடிக்கப் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளிக்க அனுமதிக்காதீர்கள். ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. தீப்பிடித்தால் வண்டிக்குள்ளேயே பிடிக்கும். புகை விட்டுச் சோதிக்கும் கருவி உள்ள பட்டறை கிடைத்தால் அதுவே மேல்.

கசிவு இல்லையென்றால் நின்ற இடத்தில் ஓடும்போது காற்றின் அளவைச் சீராக்கும் ஐடில் ஏர் கண்ட்ரோல் வால்வைக் கழற்றிக் கரி துடைத்து, உங்கள் பழைய எஞ்சினில் இருந்த வால்வையும் சென்சார்களையும் மாட்டிப் பார்க்கலாம். அவை இன்னும் பட்டறையில் கிடக்கின்றனவா என்று இன்றே கேளுங்கள், போனால் கிடைக்காது. வந்த எஞ்சின் எந்த ஆண்டு வண்டியுடையது என்றும் கேளுங்கள். பாரத் ஸ்டேஜ் எனும் புகை விதியின் நிலை மாறும்போது சென்சார்கள் மாறியிருக்கக்கூடும், உங்கள் வயரிங்குக்கு அவை பொருந்தாமல் போகலாம். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா, கூலன்ட்டில் காற்று அடைத்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை. காற்று அடைத்தால் வெப்ப சென்சார் தவறாகச் சொல்லும், ஐடிலிங்கும் (நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் வேகம்) தடுமாறும்.

இத்தனைக்கும் பிறகு சரியாகாவிட்டால்தான் எஞ்சின்மீதே சந்தேகம். வேறொரு பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) சோதனை செய்து, மூன்று சிலிண்டரின் அளவையும் எழுதி வாங்குங்கள். அவற்றுக்குள் 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

எஞ்சினை வாங்கிவந்ததும் மாட்டியதும் ஒரே ஆள் என்பது உங்களுக்குச் சாதகம்; பொருள் குறை, வேலைக் குறை என்று அவர் தட்டிக்கழிக்க முடியாது. பில் தரவில்லையென்றால் பணம் அனுப்பிய விவரத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள். குறையைச் சரிசெய்து தரும்படி தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். தொழிலுக்கு ஓட்டும் வண்டி என்று தயங்காதீர்கள். சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணை மாற்றினீர்களா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, எஞ்சின் மாற்றத்தை 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. அந்த எஞ்சின் எந்த வண்டியுடையது என்பதற்கான ரசீதை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள். அவர் தர மறுத்தால் அது திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம்; ஐடிலிங் சரியானாலும் அந்த எஞ்சினை வைத்துக்கொள்ளாதீர்கள். ரசீது கிடைத்து ஆர்.சி. திருத்தியதும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் புதிய எண்ணைத் தெரிவித்துவிடுங்கள்.