வாடையோடு வெள்ளைப்படுதல்: கல்ச்சர் ரிப்போர்ட்டை நம்பலாமா?

கேள்வி: நான்கு மாதமாக எனக்கு வெள்ளைப்படுகிறது. அரிப்பு இல்லை; ஆனால் மீன் வாடை அடிக்கிறது, உறவுக்குப் பின் அதிகமாகிறது. பூஞ்சைக்கான மாத்திரையை இருமுறை உள்ளே வைத்தும் குறையவில்லை. இப்போது கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) 'கார்ட்னரெல்லா' என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறதாம். இது பாக்டீரியல் வஜைனோசிஸ்தானா?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் கல்ச்சரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களிடமும் கார்ட்னரெல்லா வளரும். அமிலம் சுரந்து காத்துவந்த லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா குறைந்து, வேறு பல கிருமிகள் ஒன்றாகப் பெருகிவிடும் நிலை இது. ஒரு கிருமியின் பெயர் அதைச் சொல்லிவிடாது.

மருத்துவர்கள் பார்ப்பது ஆம்செல் அளவுகோல். நான்கில் மூன்று இருந்தால் நோய் உறுதி: யோனிச் சுவரில் மெல்லிய பூச்சாகப் படியும் சாம்பல் கலந்த வெள்ளைத் திரவம்; 4.5-ஐத் தாண்டும் பி.எச். (அமில-கார அளவு); அந்தத் திரவத்தில் 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டதும் எழும் மீன் வாடை; மைக்ராஸ்கோப்பில் 'க்ளூ செல்'.

அதிகம் தவறுவது பி.எச்.சில்தான். பஞ்சுக்குச்சியால் பக்கச் சுவரில் எடுக்க வேண்டும். கருப்பை வாய்ச் சளி, ரத்தம், விந்து எது கலந்தாலும் பி.எச். ஏறிவிடும். விந்து காரத்தன்மை உள்ளது. உறவுக்குப் பின் உங்களுக்கு வாடை கூடுவதும் அதனால்தான். பி.எச். 4.5-க்குள் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

எடுத்த திரவத்தை ஸ்லைடில் சலைனுக்கு (உப்பு நீர்) ஒரு துளி, ஹைட்ராக்சைடுக்கு ஒரு துளி எனத் தனித்தனியே வைக்க வேண்டும். கலந்தால் பார்க்க வேண்டிய செல்களே கரைந்துபோகும். சலைன் துளியில், ஓரம் கோடு போட்டதுபோல் தெரிய வேண்டிய செல், ஈர மணலில் புரட்டியதுபோல் பாக்டீரியா அப்பி மங்கியிருக்கும். அதுதான் க்ளூ செல். ஐந்தில் ஒரு செல்லுக்கு மேல் இப்படி இருந்தால்தான் கணக்கு. ட்ரைக்கோமோனாஸ் கிருமியாலும் பி.எச். ஏறும், வாடை வரும். அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மைக்ராஸ்கோப் இல்லாத இடமென்றால் ஸ்லைடை கிராம் சாயத்துக்கு (பாக்டீரியாவை நிறமேற்றிப் பார்க்கும் சோதனை) அனுப்பலாம். அதில் தெரியும் பாக்டீரியா வகைகளை எண்ணிப் போடும் நியூஜென்ட் மதிப்பெண் 7 முதல் 10 வரை என்றால் நோய் இருக்கிறது; 0 முதல் 3 வரை இயல்பு.

உறுதியானால் வழக்கமாகத் தருவது மெட்ரோனிடசோல் 500 மி.கி., தினம் இருவேளை, ஏழு நாள். வாடை போனதும் பாதியில் நிறுத்தாதீர்கள். கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பரிசோதனைக்குப் போகும் முன் இரண்டு நாள் உறவு வேண்டாம். உள்ளே மருந்தோ கழுவலோ வேண்டாம். மாதவிலக்கு நாட்களையும் தவிர்த்துவிடுங்கள், ரத்தம் பி.எச்.சைக் கெடுத்துவிடும்.