‘தகப்பன்தானே கூட்டிப் போனார்’ என்று காவல் நிலையத்தில் சொன்னால்…

கேள்வி: கணவருடன் கருத்து வேறுபாடு. ஒன்றரை வருடமாகத் திருப்பூரில் என் அம்மா வீட்டில் இருக்கிறேன். விவாகரத்து வழக்கு எதுவும் போடவில்லை. மகனுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். போன வெள்ளிக்கிழமை மதியம் என் கணவர் பள்ளிக்குப் போய், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பையனைக் கூட்டிப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். மாமியார் வீட்டில் கேட்டால் இங்கே வரவில்லை என்கிறார்கள். காவல் நிலையத்தில், “தகப்பன்தானே கூட்டிட்டுப் போயிருக்கார், கோர்ட்டுக்குப் போங்கம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். அவர் துபாயில் வேலை பார்ப்பவர். பையனின் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கிறது. பையனுக்கு வீசிங் உண்டு. நாலு பேரோடு போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறான் என் தம்பி. என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் தம்பியை நிறுத்துங்கள். மற்றதை எல்லாம் அதற்கப்புறம் பேசலாம். இன்றைக்குச் சட்டம் உங்கள் பக்கம் நிற்க நல்ல காரணங்கள் இருக்கின்றன. நாலு பேர் ஒரு வீட்டுக்குள் புகுந்து பிள்ளையைப் பிடுங்கினால், மறுநாள் வழக்கு உங்கள் தம்பி மேல் இருக்கும். அந்தக் கைகலப்பை நடுவில் நின்று பார்ப்பதும் உங்கள் மகன்தான்.

காவல் நிலையத்தில் சொன்ன பதிலில் பாதி உண்மை இருக்கிறது. இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 1956 தந்தையை இயற்கைப் பாதுகாவலர் என்று சொல்கிறது. அதனால் நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாத நிலையில், பெற்ற தகப்பன் பிள்ளையை அழைத்துப் போனதை ஆள்கடத்தல் என்று வழக்குப் பதியக் காவல்துறை தயங்கும். நீதிமன்றங்களும் பெரும்பாலும் அப்படியே பார்த்திருக்கின்றன. ஆனால் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மகனுக்கு நாலு வயது. இந்த வரியை உங்கள் மனுவில் கட்டாயம் சேருங்கள்.

சரி, மனு. என்னிடம் வரும் அம்மாக்கள் எழுதிய மனுக்களைப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். எட்டுப் பக்கம் இருக்கும். கல்யாணத்தில் போட்ட நகை, நாத்தனார் பேசிய பேச்சு, முதல் தீபாவளிச் சண்டை எல்லாம் வந்த பிறகு, கடைசிப் பக்கத்தில்தான் பிள்ளை வருவான். நிலையத்தில் இருப்பவர் முதல் பக்கத்தைப் படித்ததும் ‘குடும்பத் தகராறு’ என்று முடிவு கட்டி மடித்து வைத்துவிடுவார். ஒரே பக்கம் போதும். முதல் வரியிலேயே பிள்ளை இருக்கட்டும்: “நான்கு வயதுள்ள என் மகன் வெள்ளிக்கிழமை மதியம் முதல் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.” அப்புறம் அவன் போட்டிருந்த சீருடை, அங்க அடையாளம், பள்ளியிலிருந்து கிளம்பிய நேரம், வண்டி எண், கணவரின் இரண்டு நாட்டு போன் எண்கள், பாஸ்போர்ட் எண். வீசிங்குக்கு அவன் எடுக்கும் மருந்தின் பெயரை எழுதி, அந்த இன்ஹேலர் இப்போது உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் அதையும் எழுதுங்கள். மருந்தில்லாமல் ஒரு குழந்தை எங்கோ இருக்கிறது என்பது குடும்பத் தகராறு ஆகாது.

காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை முதல் தகவல் அறிக்கையாகவே (எஃப்.ஐ.ஆர்.) பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அது புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். வேறு. அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். நிலையத்தில் பதிய மறுத்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி அதே புகாரை எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போடலாம். நடுவில் 1098-க்கும் ஒரு அழைப்பு போடுங்கள். அது குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் இயங்குகிறது.

இனி பாஸ்போர்ட். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது இதுதான். பிள்ளை இந்தியாவுக்குள் எங்கே இருந்தாலும் நம் நீதிமன்றத்தின் கை நீளும். விமானம் ஏறிவிட்டால் கதையே வேறு. பெற்றோரில் ஒருவர் நாடு விட்டு நாடு கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்ப 1980-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இலங்கையும் சிங்கப்பூரும்கூட அதில் இருக்கின்றன, இந்தியா இன்னும் சேரவில்லை; துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகமும் சேரவில்லை. சேர வேண்டுமா, வேண்டாமா என்று சட்ட ஆணையம் 2009-இலும் 2016-இலும் அறிக்கை கொடுத்தும் விஷயம் அப்படியே நிற்கிறது. கொடுமைக்குப் பயந்து வெளிநாட்டிலிருந்து பிள்ளையோடு ஓடிவரும் பெண்களை அது திருப்பி அனுப்பிவிடும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் இரண்டு நாடும் அதில் இல்லாததால் உங்களைப் போன்ற தாய்க்கு அந்தக் கதவு மூடியே கிடக்கிறது.

ஆகவே கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். மகனின் பாஸ்போர்ட் கணவரிடம் இருக்கிறது, அவனை வெளிநாடு கொண்டுபோக எனக்குச் சம்மதம் இல்லை, புது பாஸ்போர்ட்டோ மாற்று பாஸ்போர்ட்டோ கேட்டு விண்ணப்பம் வந்தால் என்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று எழுதினால் போதும். ஆனால் விமான நிலையத்தில் தடுக்க இந்தக் கடிதம் மட்டும் போதாது. அதற்கு லுக் அவுட் நோட்டீஸ் வேண்டும். நீங்கள் நேரே கேட்டு அது கிடைக்காது. காவல்துறை உயர் அதிகாரி கேட்க வேண்டும், அல்லது நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீதிமன்றத்தில் உங்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. பெற்றவரிடமே பிள்ளை இருந்தாலும், அது சட்டவிரோதம் என்று காட்ட முடிந்தால் இந்த மனு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை, ஒன்றரை வருடமாகத் தாயிடம் வளர்ந்தவன், பொய் சொல்லி அழைத்துப் போயிருக்கிறார், இருப்பிடம் தெரியவில்லை. இவ்வளவும் இருக்கும்போது நான் முதலில் இந்தக் கதவைத்தான் தட்டுவேன். அந்த மனுவிலேயே பிள்ளையை நாட்டை விட்டுக் கொண்டுபோகத் தடையும் கேட்கலாம்.

இன்னொன்று குடும்ப நல நீதிமன்றம். 1890-ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் நிரந்தரப் பொறுப்பு கேட்டு மனுப் போட்டு, அதோடு இடைக்கால உத்தரவும் கேட்க வேண்டும். பிள்ளை வழக்கமாக எங்கே வசித்தானோ அங்கேதான் இந்த மனு, அதாவது திருப்பூரில். எல்லா மதத்தினருக்கும் பொதுவான சட்டம் இது. உயர் நீதிமன்றம் பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்தாலும் இந்த மனு தேவைப்படும்.

நாள் கடத்தாதீர்கள். பெரியவர்கள் பேசிப் பார்க்கிறோம் என்பார்கள், ஆடி போகட்டும் என்பார்கள். பேசட்டும், ஆனால் மனு அதற்காகக் காத்திருக்கக் கூடாது. இரண்டு மாதம் போனால் உங்கள் மகன் இன்னொரு ஊரில் இன்னொரு பள்ளியில் சேர்ந்திருப்பான். ‘பிள்ளை இங்கே பழகிவிட்டான், கலைக்காதீர்கள்’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான் என்பதால் அந்த வாதத்துக்கு எடை உண்டு. நீங்கள் சும்மா இருந்த ஒவ்வொரு வாரமும் அவருக்குச் சாட்சி.

ஆவணங்களில் பெரிதென்று நீங்கள் நினைக்காதவைதான் பேசும். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண், பள்ளி டைரியையும் தடுப்பூசி அட்டையையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அந்த டைரியில் லீவு லெட்டர் எல்லாம் அவர் கையெழுத்து. ‘காய்ச்சல்’, ‘இருமல்’, ‘காது வலி’ என்று வரிசையாக இருந்தது. நீதிபதி பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, கணவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “குழந்தைக்கு எந்த டாக்டர் பார்க்கிறார்?” அவருக்குப் பதில் தெரியவில்லை. நீங்களும் டைரி, மருந்துச் சீட்டு, ஃபீஸ் ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை கேட் பதிவேட்டில் கணவர் போட்ட கையெழுத்து, சிசிடிவி பதிவு இரண்டையும் அழிக்காமல் வைக்கச் சொல்லிப் பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தி இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். கணவர் திடீரென்று கூப்பிட்டால் திட்டாதீர்கள். பையனிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைக் கண்ணிலேயே காட்டாமல் அம்மா வைத்திருக்கிறார் என்று தவிப்பவர்கள் என்னிடமும் வருகிறார்கள். அவர்களுக்கும் வழி மனுதான், பள்ளி வாசல் அல்ல. பிரிந்திருக்கும் பெற்றவரோடு பேசவும் பழகவும் பிள்ளைக்கே உரிமை உண்டு, நேரில் முடியாவிட்டால் வீடியோ காலிலாவது பேச வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சகோதரி, உங்கள் மனுவிலும் கணவர் பிள்ளையைப் பார்க்க நாளும் நேரமும் நீங்களே எழுதிக் கொடுங்கள். உங்கள் மகனுக்கு அப்பா வேண்டும். நீதிபதியும் அதைக் கவனிப்பார்.

பிள்ளையை ஆஜர்படுத்தும் நாளில் கூட்டத்தைக் கூட்டிப் போகாதீர்கள். உங்கள் அம்மா ஒருவர் போதும். இன்ஹேலர், ஒரு மாற்றுச் சட்டை, அவன் தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் துணியோ பொம்மையோ ஏதாவது இருந்தால் அது. உங்களைப் பார்த்ததும் அவன் ஓடி வராமல் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நிற்கலாம், அதற்காக உடைந்துபோகாதீர்கள். நாலு வயதுப் பிள்ளை, யாரிடம் போனால் யார் கோபிப்பார்கள் என்று தெரியாமல் நிற்கும். ‘அப்பா என்ன சொன்னார்’ என்று கேட்காமல், பசிக்கிறதா என்று கேளுங்கள்.