தாத்தா தொடங்கிய இத்தாலிய உணவகம் நொடித்துக் கிடக்கிறது. பேரன் தலைமுறையில் அதை மறுபடி ஓட வைக்க முடியுமா?

முடியும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஓர் இத்தாலியக் குடும்பத்தின் உணவகத்துக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். அதே சமையலறையில் என் மாமனார் பல காலம் வேலை பார்த்தவர். அதனால் கல்லாப் பக்கமும் அடுப்புப் பக்கமும் கொஞ்சம் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியச் சிப்பாய்களைப் பிரிட்டோரியா பக்கம் ஜோண்டர்வாட்டர் முகாமில் 1941 முதல் 1947 வரை வைத்திருந்தார்கள். சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள், சிலர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். இந்த உணவகத்தைத் தொடங்கிய தாத்தாவும் அப்படி வந்தவர்தான். முதலாளி அவர், அடுப்பில் நின்றவர்கள் தமிழரும் இந்த ஊர் ஜூலு இனத்தவரும். நிறவெறிச் சட்டம் இருந்தவரை, மாமனார் தான் சமைத்ததைத் தன் பிள்ளைகளோடு அங்கே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

பேரன் பொறுப்பேற்றபோது பாஸ்தாவில் ஊற்றும் இறைச்சிக் குழம்பான போலோனீஸ் சாஸுக்குத் தாத்தாவின் செய்முறை அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் ஓய்வு பெற்று, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தன் வீட்டில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பேரன் வந்து கூப்பிட்டார். மாமனார் முதலில் சம்பளத்தைப் பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். பின்னே, சும்மாவா சொல்லிக் கொடுப்பார்கள்? வெங்காயம், கேரட், செலரியைச் சிறு தீயில் வதக்கி, இறைச்சியை நீர் வற்றும்வரை வறுத்து, ஒயின் சுண்டிய பிறகு தக்காளி, கொஞ்சம் பால், அப்புறம் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவான கொதி. எல்லாமே கையளவு. அவர் அள்ளிப் போடப் போட, பேரன் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டார். உங்கள் பழைய சமையல்காரர் உயிரோடு இருந்தால், வர்ணம் பூசுவதற்கு முன்னால் அவரைத் தேடிப் போங்கள்.

அடுத்தது மெனு. அசல் நேப்பிள்ஸ் பீட்சா மட்டும் போடலாம், 450 டிகிரி சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் வேகும் விறகு அடுப்பு வாங்கலாம் என்று பேரனுக்கு ஆசை. நான் விற்பனைக் கணக்கை எடுத்துக் காட்டினேன். அதிகம் போவது சீஸ் உருக வாட்டிய டிராமெசினி என்ற சாண்ட்விச்சும் கிரீம் ஊற்றிய ஆல்ஃபிரெடோ பாஸ்தாவும். இத்தாலியில் டிராமெசினியை வாட்டவே மாட்டார்கள். ரோமில் பிறந்த ஆல்ஃபிரெடோவில் வெண்ணெயும் சீஸும்தான், கிரீம் கிடையாது. இருக்கட்டுமே! டர்பன்காரர்கள் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டு வந்ததைத் தேடித்தான் வருகிறார்கள். அவற்றை விட்டுவைத்து, வாரக்கணக்கில் யாரும் கேட்காதவற்றை மெனுவிலிருந்து எடுத்தோம். குளிர்பெட்டியில் வீணாவது உடனே குறைந்தது.

கணக்கு எழுதுகிறவனாக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குடும்ப உணவகங்களை அரிப்பது பெரும்பாலும் போட்டியாளர் இல்லை, கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுத்துக்கொள்ளும் சித்தப்பாவும் அத்தையும். வேலை செய்கிற உறவினருக்கு மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு ஆண்டு முடிவில் லாபம் இருந்தால் பங்கு. வீட்டில் சண்டை வரும், வரட்டும்.

மின்வெட்டை நினைத்து அடுப்பு எல்லாம் காஸில் இருக்கட்டும். வாடகை ஒப்பந்தம் இன்னும் தாத்தா பேரிலேயே இருந்தால், கட்டடக்காரரிடம் பேசி உங்கள் பேரில் சில ஆண்டுகளுக்காவது எழுதி வாங்கிவிட்டு அப்புறம் அடுப்புக்கும் நாற்காலிக்கும் காசு போடுங்கள்.