பதநீர், பனங்கிழங்கு, கருப்பட்டி: சாயல்குடிப் பக்கம் ஒருநாள் போய்வர — கேள்வி பதில்

கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி, நரிப்பையூர் என்று இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரை முழுக்கப் பனங்காடு. அங்கே ஒருநாள் போய்ப் பனையேறிகளின் வேலையைப் பார்த்து, பதநீர் குடித்து, கிழங்கு தோண்டிவர நினைப்பவர்களின் கேள்விகள் இவை.

மதுரையிலிருந்து: அண்ணே, இத்தாலியில் பீட்மாண்ட் பக்கம் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு காட்டில் ட்ரஃபிள் தோண்டிவிட்டு, மதியம் திராட்சைத் தோட்டத்தில் ஒயின் ருசி பார்க்கிறார்கள். நம்ம பக்கம் அப்படித் தோண்டவும் ருசிக்கவும் ஏதாவது உண்டா?

உண்டு தம்பி. ஆனால் ஒரே நாளில் இரண்டும் அமையாது. ட்ரஃபிள் என்பது ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரை ஒட்டி மண்ணுக்குள் வளரும் பூஞ்சை. பீட்மாண்டில் உள்ள ஆல்பா ஊரின் வெள்ளை ட்ரஃபிளுக்கு அக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் காலம். ஒயின் போத்தலில் வருடக்கணக்கில் இருக்கும் என்பதால், தோண்டுகிற நாளிலேயே அதையும் திறந்துவிடலாம். பதநீர் அரை நாள்கூடத் தாங்காது. பனங்கிழங்கு மார்கழி, தை. பதநீர் பங்குனியிலிருந்து ஆனி, ஆடி வரை. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தடவை வாருங்கள். ஒரே தடவைதான் முடியும் என்றால் சித்திரையில் வாருங்கள், நுங்கும் சேர்ந்து கிடைக்கும்.

பரமக்குடியிலிருந்து: பங்குனி முதல் ஆடி வரை எப்போது வந்தாலும் ஒன்றுதானா?

இல்லை. தொடக்கத்தில் பாளை, அதாவது பனையின் பூங்குலை, இன்னும் பழகியிருக்காது, அதிலிருந்து வடியும் ஊறல் குறைவு. சித்திரை, வைகாசியில்தான் நன்றாகச் சுரக்கும். ஆனி பிறந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பலக்க ஆரம்பித்தால் மரம் ஆடும், ஏறுவது சிரமம். அந்த நாளில் பனையேறி "இன்னைக்கு வேண்டாம்" என்றால் வற்புறுத்தாதீர்கள். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தாலும் போகாதீர்கள். மரத்தில் கட்டிய கலயத்தில் மழைத்தண்ணீர் விழுந்து பதநீர் சப்பென்றிருக்கும், அதைக் காய்ச்சவும் கூடுதல் விறகு வேண்டும்.

திருச்சியிலிருந்து: காலையில் எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்? ஒன்பது மணிக்கு வந்தால் போதுமா?

ஒன்பது மணிக்குப் பாதி முடிந்திருக்கும். ஐந்தரைக்குத் தோட்டத்தில் நில்லுங்கள். இராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ முந்தைய இரவு தங்கிவிடுவது நல்லது.

இருட்டு விலகும்போதே ஏற ஆரம்பிப்பார்கள். காலில் தளநார் என்கிற நார் வளையம், இடுப்பில் அரிவாள் பெட்டியும் சுண்ணாம்பும். மேலே போனதும் முந்தின நாள் மாலை கட்டிய கலயத்தை அவிழ்த்து, ஊறியதைக் குடுவையில் ஊற்றிக்கொள்வார்கள். பிறகு பாளையின் நுனியை மெல்லிசாக ஒரு சீவல். இந்தச் சீவல்தான் தொழிலின் உயிர். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுபோகும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், அந்த மரத்தின் வருமானமும் அதோடு முடிந்தது. அதனால் காலையும் மாலையும் ஏறியே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை, திருவிழா என்று எதுவும் கிடையாது. சுரக்க ஆரம்பிப்பதற்கு முன்பே பல நாள் பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தியிருப்பார்கள். ஆண் பாளைக்கு ஒரு வகை இடுக்கி, பெண் பாளைக்கு வேறு வகை. இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஏழு, எட்டு மணிக்குள் எல்லா மரத்துப் பதநீரும் விடிலுக்கு, அதாவது காய்ச்சும் குடிசைக்கு, வந்துவிடும். வடிகட்டி அடுப்பேற்றினால் இரண்டு, மூன்று மணி நேரக் காய்ச்சல். பதினொரு மணி வாக்கில் சிரட்டையில் ஊற்றுவதைப் பார்க்கலாம். அதற்குமேல் வெயில் நிற்க விடாது.

சிவகங்கையிலிருந்து: எந்த வரிசையில் ருசி பார்க்க வேண்டும்? எல்லாமே இனிப்புத்தானே, வித்தியாசம் தெரியுமா?

வரிசை தப்பினால்தான் தெரியாது. கருப்பட்டியைக் கடித்துவிட்டுப் பதநீர் குடித்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். முதலில் மரத்திலிருந்து இறங்கிய பதநீர், வெறும் வயிற்றில் அரை டம்ளர். ஓலைப் பட்டையில் வாங்கிக் குடியுங்கள், பச்சை ஓலை வாசம் அதோடு சேர வேண்டும். முடிந்தால் இரண்டு மரத்துப் பதநீரைக் கலக்காமல் தனித்தனியே கேளுங்கள். மரத்துக்கு மரம் இனிப்பு மாறும். கடலோர மணலில் நிற்கும் மரத்துக்கும் உள்ளே கரம்பைக் களிமண்ணில் நிற்கும் மரத்துக்கும் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

அடுத்து இளநுங்கு. அதைப் பட்டையில் இருக்கும் பதநீரிலேயே போட்டுச் சாப்பிடலாம். மூன்றாவது, அடுப்பில் பாதி வற்றிய பாகு ஒரு கரண்டி. நான்காவது, சிரட்டையில் இன்னும் இறுகாத சூட்டுக் கருப்பட்டி. சுக்கு, மிளகு போட்ட சில்லுக்கருப்பட்டியைக் கடைசியில் வையுங்கள், அந்தக் காரம் நாக்கை விட்டு இறங்க நேரமாகும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வாய் தண்ணீர், இரண்டு வறுத்த கடலை.

இராமேஸ்வரத்திலிருந்து: ஒரு தடவை குடித்த பதநீர் தொண்டையைக் கரகரவென்று அரித்தது. இன்னொரு தடவை புளித்தது. எது சரியான பதநீர்?

இரண்டுக்கும் சுண்ணாம்புதான் காரணம். பனையின் ஊறல் காற்றுப்பட்டதும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிக்க வைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு தடவையும் கலயத்தின் உள்சுவரில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். பூச்சு குறைந்தால் புளிக்கும், நுரைக்கும். கூடினால் தொண்டை அரிக்கும், நாக்கு தடிக்கும். கலயத்தைக் கழுவிப் புகையூட்டாமல் பழைய கசடோடு மறுபடி கட்டினாலும், சுண்ணாம்பு சரியாக இருந்தும் புளிப்பு ஏறிவிடும்.

நல்ல பதநீர் தெளிந்திருக்கும், அடியில் வெள்ளை மண்டி லேசாகத் தங்கும். கலக்காமல் ஒரு கால்மணி நேரம் வைத்து மேலாக வடித்துக் குடியுங்கள். சந்தேகம் இருந்தால் வெள்ளைத் தாளில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். ஒரு சொட்டு விட்டதும் அடர்ந்த செம்பழுப்பாக மாறினால் சுண்ணாம்பு மிகுதி, வெளிறிய ஆரஞ்சு என்றால் அளவானது, மஞ்சளாகவே இருந்து வாயிலும் புளிப்பு தெரிந்தால் குடிக்க வேண்டாம். அந்தப் பதநீர் கருப்பட்டிக்கும் உதவாது. புளிப்பில் சர்க்கரை உடைந்துவிடுவதால் எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும்.

சென்னையிலிருந்து: சுண்ணாம்பு போடாமல் ஒரு கலயம் தனியாகக் கட்டச் சொல்லலாமா?

கூடாது. சுண்ணாம்பு இல்லாமல் இறக்கினால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், வழக்கு பனையேறி மேல் விழும். தயவுசெய்து கேட்கவே கேட்காதீர்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து: ஒரு குடும்பம் எட்டுப் பேர் வருகிறோம். எவ்வளவு கொடுப்பது நியாயம்?

போகும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள் அக்கா. கணக்கு இப்படி: ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் போகும். எட்டுப் பேர் ஆளுக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்தால் ஐந்து லிட்டர், அதாவது அவர்களுக்கு அன்றைக்கு அரைக் கிலோ கருப்பட்டி குறையும். அதன் விலை அடிமட்டம். அதோடு உங்களுக்காக நின்று விளக்குகிறவருக்கு ஒருநாள் கூலி, அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்குத் தனியாக ஒருநாள் கூலி. ஏறுவதை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மூன்று மணி நேரம் புகையில் நின்று கிண்டுகிறவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம். திரும்பும்போது அங்கேயே கருப்பட்டி வாங்கிக்கொண்டு போங்கள், பேரம் வேண்டாம்.

தேவகோட்டையிலிருந்து: காய்ச்சுவதை நாங்களும் செய்து பார்க்கலாமா?

கிண்டிப் பார்க்கலாம், பதம் பார்ப்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். முதலில் அழுக்கு நுரை திரளும், அதை அள்ளிவிட வேண்டும். பிறகு பொங்கும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டி ஒரு சிட்டிகை போடுவார்கள், உடனே அடங்கும். கடைசிக் கட்டத்தில் பாகு 110 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும், தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது பிள்ளைகளை ஐந்தடி தள்ளி நிறுத்துங்கள். தண்ணீரில் ஒரு துளி விட்டு உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், அதுதான் இறக்கும் பதம். ஒரு நிமிடம் முந்தினால் கருப்பட்டி கசியும், பிந்தினால் கருகிக் கசக்கும்.

காரைக்குடியிலிருந்து: தை மாதம் வருகிறோம். பனங்கிழங்கை எப்படித் தோண்டுவது? போன தடவை இழுத்ததும் பாதியில் முறிந்துவிட்டது.

மேலிருந்து இழுத்தால் முறியத்தான் செய்யும். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டையை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கி மண் மூடுவார்கள். முளை கீழ்நோக்கித்தான் இறங்கும். கடினத்தரையில் அது போகாது என்பதால்தான் பொலபொலவென்ற மணலை இரண்டு, மூன்றடி உயரத்துக்குக் குவித்துப் பாத்தி போடுகிறார்கள். அதனால் பாத்தியின் ஓரத்தில் ஒரு பக்கமாகத் தரைமட்டம் வரைக்கும் மண்ணை வெட்டிச் சரியுங்கள். கிழங்கு வரிசையாகத் தொங்குவது தெரியும். அடியில் மண்ணைக் கையால் விலக்கி, நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தால் முழுசாக வரும்.

காலம் முக்கியம். விதைத்து நூறு நாள் தாண்டியிருக்க வேண்டும், ஆனால் குருத்தோலை வெளியே விரிந்திருக்கக் கூடாது. விரிந்துவிட்டால் மாவு குறைந்து நார்தான் மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய பாத்தியில் நுனி அழுகியிருக்கும், கருத்த நுனியை நறுக்கிவிட்டு வாசம் பாருங்கள்.

கொட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தவுண் இருக்கும். அங்கேயே தின்றுவிட வேண்டும், வீடு வருவதற்குள் சவசவத்துவிடும்.

கிழங்கின் மேல்தோலை உரித்து, தலையும் வாலும் நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவையுங்கள். குக்கரில் நாலைந்து விசில், பானையில் முக்கால் மணி நேரம். இரண்டாகப் பிளந்து நடுத்தண்டை எடுத்துவிட்டு நாரைக் கிழித்துச் சாப்பிடுங்கள். பச்சைமிளகாய், பூண்டு, தேங்காய், உப்புச் சேர்த்து உரலில் இடித்தால் அதற்கு ஈடு இல்லை. பச்சைமிளகாய்க்குப் பதில் இராமநாதபுரம் குண்டு மிளகாயைச் சுட்டுப் போட்டுப் பாருங்கள்.

விருதுநகரிலிருந்து: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பதநீர், கருப்பட்டி என்றால் பரவாயில்லை என்கிறார்களே?

அந்தப் பேச்சை நம்பாதீர்கள். பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி டம்ளரில் 25 முதல் 30 கிராம். கருப்பட்டியில் தாது உப்புகள் உண்டு, ஆனால் பெரும்பகுதி சர்க்கரைதான். ருசிக்கு இரண்டு வாய், அதுவும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கொதி விட்டு ஆறவைத்த பதநீர் நல்லது. கலயத்தில் எறும்பும் தேனீயும் விழுந்திருக்கும், இரவில் வௌவாலும் வாய் வைக்கும். பன்னாடையில் வடிகட்டினால் பூச்சி போகும், கிருமி போகாது.

கமுதியிலிருந்து: வேறு என்ன ஆபத்து?

ஏறியிருக்கும் மரத்தடியில் நிற்காதீர்கள், அரிவாளோ கலயமோ நழுவலாம். விளையாட்டுக்குக்கூட மரத்தில் கால் வைக்காதீர்கள். மட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும். கிடக்கும் ஓலைக்குவியலைக் கையால் புரட்ட வேண்டாம், அடியில் தேளும் சுருட்டை விரியனும் இருக்கும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், தடித்த அடியுள்ள ஷூ போடுங்கள். காரைத் தார்ச்சாலையிலேயே நிறுத்துங்கள். மணலில் இறங்கிச் சக்கரம் சுற்றினால் மேலும் மிதிக்காமல், முன்மணலை வாரிவிட்டு ஓலைமட்டையைக் குறுக்கே போட்டு மெதுவாக எடுங்கள்.

கோவையிலிருந்து: பதநீரை ஊருக்குக் கொண்டுபோக வழி உண்டா?

அங்கேயே கொதிக்க வைத்து, சூட்டோடு எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, ஆறியதும் ஐஸ் பெட்டியில் வைத்தால் அன்றிரவு வரை தாங்கும். பச்சையாக பிளாஸ்டிக் போத்தலில் இறுக மூடினால் பேருந்திலேயே உப்பி மூடி தெறிக்கும். கருப்பட்டி கொண்டுபோவதே மேல். ஓலைக்கொட்டானில் வைத்து, மழைக்காலத்தில் ஈரம் படாத உயரத்தில் தூக்கி வையுங்கள். பிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துக் கசியும்.

திருநெல்வேலியிலிருந்து: கடைக் கருப்பட்டியில் சீனி கலப்பதாகச் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

உடைத்த இடத்தில் பொடிப்பொடியாகப் பளபளவென்று மின்னினால் சந்தேகப்படுங்கள். நல்ல கருப்பட்டியில் இனிப்போடு லேசான உப்பும் புகைவாசமும் இருக்கும், கரைத்தால் அடியில் கொஞ்சம் மண்டி தங்கும். ஆனாலும் கைப்பழக்கம் இல்லாதவருக்கு இதெல்லாம் உறுதியான சோதனை ஆகாது. உங்கள் கண்முன்னே சிரட்டையில் ஊற்றியதை வாங்குவதுதான் உறுதி.

மண்டபத்திலிருந்து: மதியத்துக்கு மேல் என்ன செய்யலாம்?

வாலிநோக்கம் கடற்கரை, அல்லது கீழக்கரைக்குப் போய்த் தொதல் என்கிற இனிப்பு. தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுவது. காலையில் பார்த்த கருப்பட்டி அதில் என்ன ஆகிறது என்று தெரியும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. நினைத்தபடி படகு எடுத்துக்கொண்டு போய் இறங்க முடியாது.

தஞ்சாவூரிலிருந்து: பனங்கொட்டை கொண்டுவந்து எங்கள் வயலோரம் நடலாமா?

தாராளமாக. செங்கல் சூளைக்குப் போன பனைகள் ஏராளம். ஆவணியில் விழுந்த பழத்தின் கொட்டையை எடுத்து, காயவிடாமல் சில வாரத்துக்குள் ஊன்றுங்கள். அரையடிக் குழி, பத்தடிக்கு ஒன்று. முளை நேராகக் கீழே இறங்குவதால் பையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது, நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் போட்டுவிடுங்கள். முதல் இரண்டு வருடம் ஆடு மாடு குருத்தைக் கடிக்காமல் முள் வேலி போதும். பாளை விட பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும், ஆணா பெண்ணா என்பது அதுவரை தெரியாது. அதனால் ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் வரிசையாகப் பத்தாவது போடுங்கள்.