பிலிமா, டிஜிட்டலா? கேமரா வாங்குவோர் கேட்ட கேள்விகள்

போன முறை பழைய பிலிம் கேமராக்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த வாரம் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டன. நீளமான கடிதங்களைச் சுருக்கி, ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, அப்பாவின் பெண்டாக்ஸ் கே1000 பீரோவில் கிடக்கிறது. அதைச் சரிசெய்து பிலிமில் எடுக்கலாமா, இல்லை அந்தப் பணத்தில் டிஜிட்டல் கேமரா வாங்கலாமா? வீட்டு விசேஷம், பிள்ளைகள், கோயில், இவ்வளவுதான் எடுப்பேன்.

முதலில் கேமராவைப் பாருங்கள், கணக்கு அப்புறம். கே1000-க்கு ஷட்டர் (பிலிம் மீது வெளிச்சம் விழத் திறந்து மூடும் திரை) ஓட பேட்டரியே வேண்டாம். வெளிச்சம் காட்டும் முள்ளுக்கு (மீட்டருக்கு) மட்டும் எல்ஆர்44 பட்டன் செல் ஒன்று தேவை. வாட்ச் கடையில் கிடைக்கும். இந்தக் கேமராவில் மீட்டரை அணைக்கச் சுவிட்ச் கிடையாது. எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள், செல் நாள்பட வரும்.

லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். உள்ளே வலை வலையாகத் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. தோல் உறைக்குள் போட்டு வருஷக்கணக்கில் மூடி வைத்த கேமராக்களில் இது சகஜம். பின்கதவின் ஓரத்திலுள்ள கறுப்பு நுரை ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசு என்று கையில் ஒட்டினால் வெளிச்சம் கசிந்து படத்தில் சிவப்புக் கோடு விழும். அதை மாற்றுவது சின்ன வேலைதான். ஒரு நொடி ஷட்டர் ஒரு நொடி ஓடுகிறதா என்று காதால் கேட்டே சொல்லிவிடலாம். வேகமான ஷட்டரைக் காதால் பிடிக்க முடியாது, ஒரு ரோல் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இனி கணக்கு. ரோல், கழுவுவது, ஸ்கேன், போகவரக் கூரியர் எல்லாம் சேர்ந்து 1,500 ரூபாய் ஆனால், 36 படத்தில் ஒவ்வொன்றும் 40 ரூபாயைத் தாண்டும். பிள்ளை ஓடுவதை எடுக்கும்போது பாதிப் படம் கலங்கும், அந்தக் காசும் போகும். அதனால் பிள்ளைகளை உங்கள் போனிலேயே எடுங்கள். பொங்கலுக்கு, வீட்டுக் கல்யாணத்துக்கு, அம்மாவை உட்கார வைத்து எடுக்க அப்பாவின் கேமராவை வெளியே எடுங்கள். தனியாக டிஜிட்டல் கேமரா இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

திருநெல்வேலி டவுன்: ஆனித் தேரோட்டம் எடுக்கப் புதுக் கேமரா வாங்கலாம் என்றிருக்கிறேன். மற்றபடி வருஷம் முழுக்க எடுப்பதில்லை. பிலிமா, டிஜிட்டலா?

இரண்டும் வேண்டாம். கையிலிருக்கும் போன் போதும்.

பாளையங்கோட்டை: ஆன்லைனில் ‘48 மெகாபிக்சல், 4கே’ என்று போட்டு 4,000 ரூபாய்க்கு விற்ற டிஜிட்டல் கேமரா வாங்கினேன். என் பழைய போனைவிடப் படம் மோசம். திருப்பி எடுக்கக் கேட்டால், ‘வேலை செய்கிறதே, குறை எங்கே’ என்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாங்கியது.

ஐயா, உங்கள் மீது ஒரு தவறும் இல்லை. இது தெரிந்தே செய்யும் ஏமாற்று. இம்மாதிரிக் கேமராக்களில் உள்ளே இருக்கும் சென்சார் (பிலிமுக்குப் பதில் படத்தைப் பிடிக்கும் சில்லு) மிகச் சிறியது, அது பிடிக்கும் மெகாபிக்சலும் குறைவு. பிடித்த படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கி 48 என்று பெட்டியில் அச்சடிக்கிறார்கள். எண்ணிக்கை கூடும், விவரம் கூடாது. நல்ல கேமராவின் 2 மெகாபிக்சல் சொச்சத்திலேயே 4×6 பிரிண்ட் தெளிவாக வரும். 8×12-க்கு 9 மெகாபிக்சல் தாராளம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பெட்டியின் படம் மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள். அந்தப் பக்கத்தை நாளைக்கே மாற்றிவிடுவார்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவன் டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். நாலாயிரம் ரூபாய்தானே என்று பிள்ளைகள் சொல்வார்கள். கேட்காதீர்கள், போடுங்கள்.

நாங்குநேரி: கூந்தன்குளம் பறவைகளை எடுக்க ஆசை. பிலிமில் எடுத்தால் தனி அழகு என்று நண்பர் சொல்கிறார்.

பறவைக்கு டிஜிட்டல்தான். மஞ்சள் மூக்கு நாரை இறக்கை விரித்து இறங்கும் ஒரு நல்ல படத்துக்கு நூறு படம் வீணாகும், பிலிம் ரோல் 36-ல் நின்றுவிடும். காலையில் மங்கலாகவும் ஒன்பது மணிக்குக் கண் கூசவும் இருக்கும் வெளிச்சத்துக்கு டிஜிட்டலில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, படத்துக்குப் படம் மாற்றலாம். பிலிமில் போட்ட ரோல் முடியும் வரை ஒரே ஐஎஸ்ஓதான்.

புதிது வாங்கத் தேவையில்லை. எல்லாரும் உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால், கண்ணாடி உள்ள நல்ல டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகின்றன. ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. பிலிம் படத்தைவிடச் சிறியது) உள்ள உடலும், தூரத்தை இழுக்கும் 70-300 மி.மீ. லென்ஸும் போதும். கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டுப் பக்கத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன, 600 மி.மீ. லென்ஸுக்குக் கடன் வாங்காதீர்கள். கூட்டை நெருங்கிப் போய் எடுக்கவும் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகக் காத்துவரும் பறவைகள் அவை.

தென்காசி: குற்றாலம் சீசனில் ஐந்தருவிப் பக்கம் எடுத்தபோது கேமரா நனைந்து நின்றுவிட்டது. வாரண்டி இருந்தும் இலவசமாகச் சரிசெய்ய மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா?

போட்டால் தோற்பீர்கள். தண்ணீர் பட்ட பழுது வாரண்டியில் வராது என்று உங்கள் கையிலிருக்கும் அட்டையிலேயே அச்சடித்திருக்கும். அருவிக்குக் கேமராவைக் கொண்டுபோகிறவர் ஒரு பிளாஸ்டிக் உறையாவது எடுத்துப் போக வேண்டாமா? ஆன் செய்து செய்து பார்க்காமல் பேட்டரியையும் கார்டையும் கழற்றிவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூசிதான் உள்ளே போகும்.

வள்ளியூர்: மூன்று ரோல்களை வெளியூர் லேபுக்குக் கூரியரில் அனுப்பினேன். ஸ்கேன் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. நெகட்டிவ் கேட்டால், ‘ஸ்கேன்தான் கொடுத்துவிட்டோமே, அதை எறிந்துவிட்டோம்’ என்கிறார்கள். இது சரியா?

சரியே இல்லை அம்மா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ரோலைக் காசு கொடுத்து வாங்கியது நீங்கள். லேப் விற்பது கழுவும் வேலையையும் ஸ்கேன் வேலையையும்தான். கழுவிய பிலிம் உங்கள் பொருள். தைக்கக் கொடுத்த துணியைத் தையல்காரர் வைத்துக்கொள்ள முடியுமா? பிலிமில் எடுப்பதன் முழுப் பயனே அந்த நெகட்டிவில் இருக்கிறது. ஸ்கேன் என்பது அன்றைக்கு அந்த மெஷினில், அந்த ஆள் வைத்த அளவில் எடுத்த ஒரு நகல். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அதுவும் சுருங்கிவிடுகிறது. போன் திரையில் பளிச்சென்று இருக்கும், பெரிதாகப் பிரிண்ட் போடப் போனால் வண்டவாளம் தெரியும். நெகட்டிவ் கையில் இருந்தால் பத்து வருஷம் கழித்து நல்ல ஸ்கேனரில் மறுபடி எடுக்கலாம். அது இல்லாமல், போனில் எடுக்க வேண்டியதை ரோலுக்குக் காசைக் கொட்டி எடுத்ததாகத்தான் முடிகிறது.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அக்கா கல்யாணத்து நெகட்டிவ்களை, எடுத்த ஸ்டூடியோவே வைத்திருந்தது. கடையை மாற்றியபோது இடமில்லை என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எறிந்துவிட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பம் நனைந்து படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் உரிந்து வந்தது. நெகட்டிவ் இருந்திருந்தால் திரும்பப் போட்டிருக்கலாம். நெகட்டிவ் நனைந்தால்கூட சுத்தமான தண்ணீரில் அலசி, தூசி இல்லாத இடத்தில் ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடும்.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன். ரோல் அனுப்பும்போது உள்ளே ஒரு தாளில் ‘நெகட்டிவைத் திருப்பி அனுப்ப வேண்டும்’ என்று எழுதி வையுங்கள். திரும்பும் கூரியர் செலவை முன்பே கட்டுங்கள். தர மாட்டோம் என்கிற லேப் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வந்ததும் ஆறு ஆறு படமாக வெட்டிய துண்டுகளை நெகட்டிவ் உறையில் போட்டு, நாளும் இடமும் எழுதி வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே கொதிக்கும் பரணில் மட்டும் போடாதீர்கள். கல்யாணத்துக்கு டிஜிட்டலில் எடுப்பவர்களும் இப்படித்தான் கேட்க வேண்டும். ஆல்பத்தோடு எல்லா மூலப் படங்களையும் ஹார்டு டிஸ்கில் தருவதாக முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

உங்களுக்கு நடந்தது சேவைக் குறைபாடு. எறிந்ததாக அவர்கள் எழுதிய வாட்ஸ்அப் செய்தியையே சாட்சியாக வைத்து 1915-ல் புகார் செய்யுங்கள்.

கடையம்: கொழும்பில் இருந்த தாத்தாவின் பெட்டியில் கழுவாத கோடாக்ரோம் ரோல் ஒன்று இருக்கிறது. எங்கே கழுவலாம்?

கலரில் இனி வழியில்லை. கோடாக் அந்த பிலிமை 2009-ல் நிறுத்தியது. உலகில் கடைசியாக அதைக் கழுவிவந்த அமெரிக்க லேபும் 2010 முடிவோடு நிறுத்திவிட்டது. வேலை தெரிந்தவர் கையில் கொடுத்தால் கறுப்பு வெள்ளையில் ஏதாவது தேறலாம். ‘கலரில் கழுவித் தருகிறேன்’ என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சேரன்மகாதேவி: 400 ரூபாய்க்கு 512 ஜிபி மெமரி கார்டு வாங்கி, மகள் பிறந்தது முதல் எடுத்த படம் எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தேன். இப்போது பாதிப் படம் திறக்கவில்லை. பிலிமே மேல் என்று தோன்றுகிறது.

பிலிம் மேல் என்பதல்ல. அந்த விலைக்கு அந்த அளவு கார்டு கிடையவே கிடையாது. உள்ளே சின்னக் கார்டை வைத்து, 512 என்று காட்டும்படி செய்து விற்கிறார்கள். நிரம்பியதற்கு மேல் போடும் படம் பெயருக்கு இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. புதுக் கார்டு வாங்கினால் முதலில் முழுக்க நிரப்பி, எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பெற்ற பிள்ளையின் படத்துக்கு ஒரே ஒரு நகல்தானா? கார்டு எடுப்பதற்கான சாமான், சேமித்து வைக்க அல்ல. இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வருஷத்துக்கு ஐம்பது படமாவது பிரிண்ட் போடுங்கள். இப்போது அந்தக் கார்டில் புதிதாக எதுவும் எழுதாமல், படங்களை மீட்டுத் தருபவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவிப் பழக ஆசை. நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும், தம்பி. கறுப்பு வெள்ளையைப் பொதுவாக 20 டிகிரியில் கழுவுவார்கள். சித்திரையில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் அதைவிட ரொம்பச் சூடாக இருக்கும். மருந்துப் பாட்டில்களை ஐஸ் தண்ணீர் நிறைந்த வாளியில் நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். கார்த்திகை, மார்கழியில் தொடங்குங்கள், பாதிச் சிரமம் குறையும். கலரைப் பிறகு பார்க்கலாம், அதற்கு 38 டிகிரி பிசகாமல் நிற்க வேண்டும். பயன்படுத்திய ஹைப்போவில் (படத்தை நிலைநிறுத்தும் மருந்து) வெள்ளி கரைந்திருக்கும், கிணற்றடியிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள்.

ஒரு காலத்தில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் செய்த ‘இந்து’ ரோல் நம் ஸ்டூடியோக்களில் ஓடியது. அந்த ஆலை மூடிவிட்டது. இப்போது வருவதெல்லாம் இறக்குமதி, அதனால்தான் இந்த விலை. மலிவாகக் கிடைக்கிறதே என்று தேதி போன ரோலை வாங்காதீர்கள். நான் வாங்கிய ஒரு கட்டு முழுக்க மூட்டமாகத்தான் வந்தது. கடைக்காரர் அதை வெயில் அடிக்கும் ஷோகேஸில் வைத்திருந்திருக்கிறார்.

சங்கரன்கோவில்: தெரிந்தவர் மூலம் புது மிரர்லெஸ் கேமரா 15,000 ரூபாய் குறைவாக வருகிறது. பில் கிடையாது, ‘கடை கேரண்டி’ உண்டு என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். இப்படி வந்த ஒரு கேமரா என்னிடம் இன்னும் இருக்கிறது. ஷட்டர் பழுதானபோது, இந்த சீரியல் எண் இந்தியாவில் விற்றதல்ல என்று கம்பெனி சர்வீஸில் திருப்பி அனுப்பினார்கள். கேரண்டி தந்த கடை அதற்குள் வேறு வியாபாரத்துக்கு மாறியிருந்தது. பில் தராமல் விற்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். அந்த 15,000 மிச்சமாக வேண்டுமென்றால், போன வருஷ மாடலை ஜிஎஸ்டி பில்லோடும் இந்திய வாரண்டியோடும் கேட்டுப் பாருங்கள். முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லையே? கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்பக் கேளுங்கள்.