சப்நெட் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, /26 சப்நெட்டில் 64 முகவரிகள் இருக்கும்போது 62 ஹோஸ்ட் என்று ஏன் எழுதுகிறோம்?

பதில்: சப்நெட் என்பது ஒரு நெட்வொர்க்கின் சிறு பிரிவு, ஹோஸ்ட் என்பது அதில் முகவரி பெறும் கருவி. ஐபி பதிப்பு 4 முகவரிக்கு 32 பிட். /26 என்றால் நெட்வொர்க்குக்கு 26 பிட், அது போக மிச்சம் 6. 2-இன் அடுக்கு 6 என்பது 64. முதல் முகவரி அந்த சப்நெட்டையே குறிக்கும், கடைசி முகவரி பிராட்காஸ்டுக்கு, அதாவது சப்நெட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்கு. இரண்டையும் எந்தக் கருவிக்கும் கொடுக்க இயலாது. ரவுட்டருக்கான முகவரியும் அந்த 62-க்குள்தான் வரவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: சார், 172.16.45.200/20 எந்த சப்நெட்டில் இருக்கிறது? தேர்வில் பைனரியில் எழுதி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது.

பதில்: முதல் 16 பிட்டுகள் இரண்டு எண்களோடு முடிந்துவிட்டன. மீதி 4 பிட் மூன்றாம் எண்ணில் விழுவதால் மாஸ்க் (எத்தனை பிட் நெட்வொர்க்குக்கு என்று காட்டும் எண்) 255.255.240.0. இப்போது 256-இலிருந்து 240-ஐக் கழியுங்கள்: 16. சப்நெட்டுகள் மூன்றாம் எண்ணில் 0, 16, 32, 48 என்று தாவும். நம்முடைய 45, 32-க்கும் 48-க்கும் நடுவில் இருப்பதால் நெட்வொர்க் முகவரி 172.16.32.0. அடுத்தது 172.16.48.0-இல் தொடங்குகிறது, அதற்கு ஒன்று முந்தைய 172.16.47.255 பிராட்காஸ்ட். ஹோஸ்டுகள் 172.16.32.1 முதல் 172.16.47.254 வரை, மொத்தம் 4094.

இங்கே ஒன்றை நன்றாகப் பாருங்கள். 172.16.33.0, 172.16.40.255 ஆகிய இரண்டும் இந்த சப்நெட்டில் செல்லுபடியாகும் ஹோஸ்ட் முகவரிகளே. 0-இல் முடிந்தால் நெட்வொர்க், 255-இல் முடிந்தால் பிராட்காஸ்ட் என்று மனப்பாடம் செய்தவர்களைத் தேர்வில் மடக்குவது இந்த இடத்தில்தான். ஆகவே கழித்தல் ஏன் சரியாக வருகிறது என்பதை ஒரு முறையாவது பைனரியில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 192.168.10.0/24 ஒன்றுதான் கையில் இருக்கிறது. மூன்று துறைகளுக்கு 100, 50, 20 கணினிகள். இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே ஓர் இணைப்பு. எப்படிப் பிரிப்பது?

பதில்: பெரியதிலிருந்து தொடங்குங்கள். 100-க்கு /25, அதாவது கடைசி எண்ணில் 0 முதல் 127. 50-க்கு /26: 128 முதல் 191. 20-க்கு /27: 192 முதல் 223. இணைப்புக்கு /30: 224 முதல் 227. மீதி 28 முகவரிகள் கையிருப்பு. சிறியதிலிருந்து தொடங்கினால் 20 பேர் 0 முதல் 31 வரை அமர்ந்துகொள்வார்கள். /26 என்பது 64-இன் மடங்கில்தான் தொடங்க முடியும் என்பதால் நடுவே 32 முகவரிகள் இடைவெளியாக நின்றுவிடும். 50 பேர் இருக்கும் துறை வளரக்கூடியது என்றால் இப்போதே நிர்வாகத்திடம் பேசுங்கள். பிறகு எண் மாற்றுவது பெரும்பாடு.

கேள்வி: /31-இல் இரண்டே முகவரிகள், 2 கழித்தால் ஒன்றும் மிஞ்சாது, அதனால் பயன்படாது என்கிறார்களே?

பதில்: இரு முனைகளை மட்டும் இணைக்கும் தடத்தில் பயன்படும். 2000-இல் வந்த ஆர்எஃப்சி 3021 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகள் பற்றிய ஆவண வரிசை) இரண்டு முகவரிகளையும் ஹோஸ்டுகளுக்கே தந்துவிட்டது.

கேள்வி: பழைய பாடநூலில் சப்நெட் எண்ணிக்கையிலும் 2 கழித்திருக்கிறார்கள். நானும் கழிக்கவேண்டுமா?

பதில்: வேண்டாம். 1985-இன் ஆர்எஃப்சி 950 காலத்து வழக்கம் அது. 1995-இலேயே ஆர்எஃப்சி 1878 அதைக் காலாவதியானது என்று சொல்லிவிட்டது. ஹோஸ்டுக்கு மட்டும் கழியுங்கள்.

கேள்வி: அமேசான் மேகக்கணினியில் /28 எடுத்தேன். 14 வரவேண்டிய இடத்தில் 11 தான் காட்டுகிறது.

பதில்: உங்கள் கணக்கில் பிழையில்லை. அங்கே ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள்: முதல் நான்கும் கடைசி ஒன்றும். 16-இல் 5 போக 11.